கல்வாழைக்குக் கோடை, மழை, குளிர் மூன்றிலும் தண்ணீர் எப்படி? தொட்டியிலும் தரையிலும்

வெயில்மாடி (கேள்வி):

வணக்கம். கல்வாழை வளர்ப்பவர்கள் இருந்தால் உதவுங்கள். கொஞ்சம் நீளமான கேள்வி.

என்னிடம் இரண்டு இடத்தில் இருக்கிறது. மாடியில் 30 செ.மீ. வாய் அகலமுள்ள தொட்டிகளில் மஞ்சள் பூ வகை. கீழே சுவரை ஒட்டிய பாத்தியில் செம்பூ வகை, இலையும் கருஞ்சிவப்பு. தேடிப் பார்த்த இடத்திலெல்லாம் "ஈரம் விரும்பும் செடி, மண் காயவிடாதீர்கள்" என்று ஒரு வரியோடு முடித்துவிடுகிறார்கள். ஒருவர் தினமும் ஊற்றச் சொல்கிறார், இன்னொருவர் வாரம் இரண்டு முறை போதும் என்கிறார். எந்தப் பருவத்துக்கு, எந்த மண்ணுக்கு, எவ்வளவு என்று யாரும் சொல்வதில்லை.

நான் பார்ப்பது இதுதான். தொட்டிச் செடியின் இலை மதியம் ஆனால் உள்பக்கமாகச் சுருண்டு தொங்குகிறது. விரலை விட்டுப் பார்த்தால் மண் ஈரமாகத்தான் இருக்கிறது. நல்ல வெயில் காலத்தில் மொட்டு விரியும் முன்பே காய்ந்து உதிர்கிறது. பாத்தியில் இருப்பது செழிப்பாகத்தான் இருந்தது. ஆனால் போன மழைக்காலத்தில் ஒரு ஓரத்துத் தூர் மட்டும் அடி கொழகொழத்து நாற்றம் எடுத்தது. அதே பாத்தியின் மறுகோடிக்கு ஒன்றும் ஆகவில்லை. குளிர் மாதங்களில் பூ நின்று கீழிலை மஞ்சளாகிறது. அப்போது தண்ணீரைக் கூட்டுவதா குறைப்பதா?

வருடம் முழுவதற்கும் பிடித்துக்கொள்ள ஒரு வழி சொல்லுங்களேன்.

கிழங்குக்காரி:

வெயில்மாடி, நீங்கள் எழுதிய நாலு அறிகுறிக்கும் பதில் ஒரே இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. கல்வாழைக்குப் பருவத்தைப் பார்த்து ஊற்றாதீர்கள். இலையைப் பார்த்து ஊற்றுங்கள். பல வருடமாக இந்தச் செடியோடு இருக்கிறேன், எனக்கு மிகவும் பிரியமான செடி. அதைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன்.

வாழையும் இஞ்சியும் மஞ்சளும் எந்த வரிசையோ அதே தாவர வரிசைதான் கல்வாழையும். மண்ணுக்குள் கிடப்பது கிழங்கு. மாவுச்சத்தும் நீரும் அதற்குள்ளேயே சேர்ந்திருக்கும். கிழங்குக்கென்று தனியாகப் பெரிய தாகம் கிடையாது. தண்ணீரை மேலே இழுப்பது இலை. அகலமான, மெல்லிய இலை, அதுவும் ஒரு தண்டுக்கு ஏழெட்டு. அப்படி ஐந்தாறு தண்டு உள்ள ஒரு தூர் வெயிலில் நின்றால் விடும் ஆவி கொஞ்சநஞ்சமல்ல. அதே தூரைத் தரையோடு அறுத்துவிடுங்கள்; மண் அதே மண், வெயில் அதே வெயில், ஆனால் அந்தத் தொட்டி நாட்கணக்கில் காயாமல் கிடக்கும். கோடையில் ஊற்றிய அளவை அப்போதும் ஊற்றினால் கிழங்கு அழுகாமல் என்ன செய்யும்? ஆக, எத்தனை இலை விரிந்து நிற்கிறது, எவ்வளவு வெயில் அதன்மேல் படுகிறது என்பதுதான் கணக்கு. பருவம் மாறும்போது இவை இரண்டும் மாறுகின்றன, தண்ணீரும் கூடவே மாற வேண்டும்.

மதியச் சுருளுக்கு வருகிறேன். உச்சி வெயிலில் இலை விடும் வேகத்துக்கு வேர் உறிஞ்சிக் கொடுக்க முடியாது, மண்ணில் ஈரம் இருந்தாலும். அப்போது செடி தன் இலையைச் சுருட்டிப் பரப்பைக் குறைத்துக்கொள்கிறது. சாயங்காலம் விரித்துக்கொள்ளும். இதைப் பார்த்துப் பதறி மதியம் ஊற்றுவதால்தான் பல தொட்டிகள் சதசதவென்று ஆகின்றன. இலையைக் காலையில், வெயில் ஏறும் முன் பாருங்கள். காலையில் விரிந்து விறைப்பாக இருந்தால் ஒரு குறையும் இல்லை. காலையிலும் சுருண்டிருந்து, மண்ணும் காய்ந்திருந்தால் தாகம். உடனே நிறைய ஊற்றுங்கள். மண் ஈரமாக இருந்தும் காலையில் தொய்ந்து கிடந்தால் வேர் கெட்டிருக்கிறது என்று அர்த்தம். அங்கே ஒரு சொட்டுகூட ஊற்றக் கூடாது. மண்ணை விலக்கிக் கிழங்கை அழுத்திப் பார்க்க வேண்டும். கல்லாக இருந்தால் நல்லது, அமுங்கினால் அந்தப் பகுதியை வெட்டி எறிய வேண்டும்.

இன்னொரு சுருளும் உண்டு, குழப்பிக்கொள்ளாதீர்கள். இலைச்சுருட்டுப் புழு இலை ஓரத்தை நூலால் ஒட்டி மடித்து உள்ளே இருந்துகொண்டு தின்னும். அது சாயங்காலமும் விரியாது. பிரித்தால் மெல்லிய நூல் இழையும் புழுவும் எச்சமும் தெரியும். அதற்கும் தண்ணீருக்கும் சம்பந்தம் இல்லை, கையால் பொறுக்கிவிடுங்கள்.

இப்போது உங்கள் தொட்டி. 30 செ.மீ. என்பது கல்வாழைக்குச் சின்னது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். உயரமும் அதே விகிதத்தில் கூடும் 45 செ.மீ. தொட்டியில் மண் மும்மடங்குக்கு மேல் பிடிக்கும். செடி அதேதான், இலை அதேதான், ஆனால் அது சாய்ந்து குடிக்கும் ஈரம் மூன்று பங்கு. மொட்டு கருகி உதிர்வதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். பூந்தண்டு மேலே கிளம்பும் நாட்களில் மண் ஒரே ஒருமுறை நன்றாகக் காய்ந்தாலும் மொட்டு போய்விடும். மறுநாள் எவ்வளவு ஊற்றினாலும் திரும்பாது. நாம் இதழ் என்று ரசிப்பவை கல்வாழையில் உண்மையான இதழ்கள் அல்ல. மகரந்தம் இல்லாத மகரந்தத் தாள்கள் அகன்று விரிந்தவை. சரியான இதழ்கள் அவற்றுக்கு அடியில் சின்னதாகக் குறுகலாக இருக்கும். அந்த வண்ணப் பகுதி அவ்வளவு மெல்லியது என்பதால் வாடுவதும் முதலில் அதுதான்.

தொட்டியை மாற்றும் வரை கோடையில் தினமும் காலையில் ஊற்றுங்கள், அடித்துளையில் தண்ணீர் வெளியே வரும் வரை. மேலே நனைந்ததும் நிறுத்திவிட்டால் அடியில் உள்ள வேர் காய்ந்தே கிடக்கும். நார்க்கழிவு கலந்த மண் ஒருமுறை முழுக்கக் காய்ந்தால் சுருங்கித் தொட்டிச் சுவரைவிட்டு விலகிவிடும். அப்புறம் ஊற்றும் தண்ணீர் அந்த இடுக்கு வழியாக நேரே கீழே ஓடிவிடும். துளையில் தண்ணீர் வந்துவிட்டதே என்று நாம் நினைப்போம், உள்ளே நனைந்திருக்காது. தொட்டியைத் தூக்கிப் பாருங்கள், கனமில்லாமல் இருந்தால் அதுதான் சங்கதி. ஒரு அகன்ற பாத்திரத்தில் தண்ணீர் வைத்துத் தொட்டியை அரை மணி நேரம் அதில் நிறுத்தினால் மண் கீழிருந்து ஏற்றுக்கொள்ளும்.

வெயிலில் கிடந்த ரப்பர் குழாயில் முதலில் வருவது கொதிக்கும் தண்ணீர். அதைத் தரையில் விட்டு, குளிர்ந்தபின் செடிக்குக் காட்டுங்கள்.

பாத்திக்கு வேறு கணக்கு. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர் தண்ணீர். கல்வாழைப் பாத்திக்கு வளரும் பருவத்தில் வாரத்துக்கு 25 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள், அதாவது சதுர மீட்டருக்கு 25 லிட்டர். கடும் வெயிலில் இதை இரட்டிப்பாக்கி இரண்டு தவணையாகக் கொடுங்கள். தினமும் மேலாகத் தெளிப்பதைவிட இப்படி ஆழமாக நனைப்பது நல்லது. 25 லிட்டர் மணற்பாங்கான மண்ணில் சுமார் 30 செ.மீ. ஆழம் வரை இறங்கும், களிமண்ணில் அதில் பாதிகூட இறங்காது. ஆனால் களிமண் பிடித்ததை விடாது. மணலுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி, களிமண்ணுக்கு நிதானமாக இடைவெளி விட்டு. காய்ந்த இலை, வைக்கோல் எது கிடைத்தாலும் 5 முதல் 7 செ.மீ. மூடாக்குப் போடுங்கள், தண்டை ஒட்டாமல். கல்வாழையின் கீழிலைகளும் பூத்து முடிந்த தண்டுகளும் அறுத்துப் போட்டால் அதுவே நல்ல மூடாக்கு. இலையில் துரு நோய் இருந்தால் மட்டும் அதைப் போடக் கூடாது.

மழைக்கால அழுகலைக் கடைசியாக வைத்தேன், இதுதான் பலரும் தப்பாகப் புரிந்துகொள்வது. "தண்ணீர் அதிகமாகி அழுகிவிட்டது" என்பார்கள். கல்வாழை தண்ணீர் அதிகமாகிச் சாவதில்லை, காற்று இல்லாமல் சாகிறது. வேரும் கிழங்கும் மூச்சுவிட மண்ணின் இடுக்குகளில் காற்று வேண்டும். தண்ணீர் வந்து வடிந்துகொண்டே இருந்தால் பின்னாலேயே காற்றும் உள்ளே வரும். தேங்கி நின்றால் அந்த இடுக்கெல்லாம் அடைபட்டுவிடும். உங்கள் பாத்தியில் ஒரு ஓரம் அழுகி மறுகோடி பிழைத்ததற்கு எனக்குத் தோன்றும் காரணம் சரிவு. இல்லாவிட்டால் கூரைத் தண்ணீர் விழும் இடம். நல்ல மழை பெய்த மறுநாள் அந்த ஓரத்தில் ஒரு அடிக்குக் குழி எடுத்துப் பாருங்கள். குழியில் தண்ணீர் நாள் முழுக்க நின்றால் அங்கே மண்ணை ஒரு சாண் மேடாக்கி நடுங்கள், அல்லது தண்ணீர் வெளியேற வாய்க்கால் கீறிவிடுங்கள்.

மழைக்காலத்தில் தொட்டியை மறந்துவிடவும் கூடாது. 30 செ.மீ. வாய்க்கு 10 மி.மீ. மழை முழுவதும் உள்ளே விழுந்தால்கூட முக்கால் லிட்டருக்கும் குறைவுதான். தூறல் நாட்களில் மேல்மண் கறுத்து நனைந்த மாதிரி இருக்கும், இரண்டு விரல் கீழே தூசி பறக்கும்.

குளத்தங்கரை:

அக்கா சொன்ன காற்று விஷயத்தில் எனக்கு ஒரு சந்தேகம். என் கல்வாழை தொட்டியோடு சின்னக் குளத்துக்குள்தான் நிற்கிறது. தொட்டி மண்ணுக்கு மேல் நாலு விரல் தண்ணீர், கோடை முழுவதும். பூவுக்குக் குறைவே இல்லை, அழுகவும் இல்லை. காற்று இல்லாமல் சாகும் என்றால் இது எப்படி?

கிழங்குக்காரி:

நல்ல கேள்வி, குளத்தங்கரை. உங்கள் செடியின் இலை குறுகலாக, நீலம் கலந்த சாம்பல் பச்சையாக இருக்கிறதா? இருந்தால் அது கன்னா கிளாக்கா, அல்லது அதன் கலப்பு. இயற்கையிலேயே சதுப்பில் வளரும் இனம் அது. அமெரிக்காவின் லாங்வுட் தோட்டத்தில் 1970களில் ராபர்ட் ஆம்ஸ்ட்ராங் அதைத் தோட்டக் கல்வாழைகளோடு கலந்து நீர்க் கல்வாழைகளையே உருவாக்கினார். எண்டெவர், எரெபஸ், ரா, டேனி என்று நாலு வகை. அவை தண்ணீரிலேயே நிற்கும்.

சாதாரணத் தோட்ட வகைகளும் பழகினால் ஓரளவு தாங்கும். தண்ணீரில் புதிதாக விடும் வேர்களில் காற்று ஓடும் வெற்றிடங்கள் உண்டாகின்றன, இலையிலிருந்து காற்று அந்த வழியாகக் கீழே இறங்கும். ஆனால் அதற்கு இரண்டு நிபந்தனை. செடி முழு வளர்ச்சியில், இலையோடு இருக்க வேண்டும். மட்டத்தையும் மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும்: முதலில் தொட்டியின் அடி மட்டும் நனையும்படி, புது வேர் விட்டபின் இன்னும் கொஞ்சம். காய்ந்த மண்ணில் வளர்ந்த தூரைத் திடீரென்று மூழ்கடித்தால் பழைய வேர் தாங்காது. வெயில்மாடியின் பாத்தி ஓரத்தில் நடந்தது அதுதான்.

குளிர் தொடங்கி இலை வளர்வது நின்றதும் தொட்டியை வெளியே எடுத்துவிடுங்கள். தோட்ட வகையாக இருந்தால் கட்டாயம்.

பனிநாட்டுப் பாத்தி:

நான் இருப்பது குளிரில் தரை உறைந்துபோகும் இடம். அதனால் என் அனுபவம் உங்களுக்கு நேரடியாக உதவாது, ஆனால் வெயில்மாடி கேட்ட குளிர்காலக் கேள்விக்கு இங்கே பதில் மிகத் தெளிவாகத் தெரியும் என்பதால் எழுதுகிறேன்.

முதல் உறைபனியில் இலை முழுவதும் கறுத்துவிடும். தண்டை 10 முதல் 15 செ.மீ. விட்டு வெட்டி, கிழங்கைத் தோண்டி எடுத்து, மண் உதிர நிழலில் சில நாள் காயவைப்பேன். பிறகு லேசாக ஈரமுள்ள நார்த்தூளிலோ மரத்தூளிலோ வைத்து, 7 முதல் 10 டிகிரி செல்சியஸ் இருக்கும் இருட்டறையில் பெட்டியோடு வைப்பது. மாதம் ஒருமுறை திறந்து பார்ப்பேன். தோல் சுருங்கியிருந்தால் கை நிறையத் தண்ணீர் எடுத்துத் தெளித்தால் போதும். குளிர்காலம் முழுவதற்கும் அது குடிக்கும் தண்ணீர் அவ்வளவே. அக்கா சொன்ன "இலை இல்லையென்றால் தாகம் இல்லை" என்பதை இதைவிடத் தெளிவாக எங்கும் பார்க்க முடியாது.

வசந்தத்தில் நடும்போதும் இதே கவனம் வேண்டும். மண் 15 டிகிரிக்கு மேல் சூடேறியபின் நட்டு, ஒருமுறை நன்றாக ஊற்றி, முளை மண்ணுக்கு மேல் தெரியும் வரை அநேகமாகச் சும்மா விட்டுவிடுவேன். குளிர்ந்த ஈர மண்ணில் முளைக்காத கிழங்கு கிடந்தால் அழுகல்தான். முதல் இரண்டு இலை விரிந்தபின் தண்ணீரைக் கூட்டத் தொடங்கலாம்.

வெயில்மாடி:

எல்லோருக்கும் நன்றி. அக்கா, மழைத் தண்ணீர் விழும் இடத்தைப் போய்ப் பார்த்தேன், கூரைக் குழாயின் வாய் சரியாக அந்த ஓரத்துக்கு நேர் மேலே இருக்கிறது.

எங்கள் பக்கம் உறைபனி கிடையாது. குளிர் மாதங்களிலும் இலை இருக்கும், ஆனால் புதிது வராது. அப்போது எப்படி? இன்னும் இரண்டு சின்னக் கேள்வி. துணி துவைத்த தண்ணீர், ஏசி தண்ணீர், ஆர்.ஓ. கழிவுநீர் இவற்றை ஊற்றலாமா? கழிவுநீரைச் சுத்திகரிக்கவே கல்வாழை நடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். பூவாளியால் இலைமேல் தெளிப்பது நல்லதா?

கிழங்குக்காரி:

குழாயின் வாயைத் திருப்பிவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

உறையாத குளிரில் செடி தூங்குவதும் இல்லை, வளர்வதும் இல்லை. இருக்கும் இலை கொஞ்சம் குடிக்கும், அவ்வளவுதான். கீழிலை மஞ்சளாவது அந்த நாட்களில் இயல்பு. பூத்து முடிந்த தண்டு மறுபடி பூக்காது, அதன் இலைகள் ஒவ்வொன்றாகப் பழுக்கும். அதை அடியோடு அறுத்துவிட்டால் பக்கக்கன்றுக்கு இடம் கிடைக்கும். தொட்டியில் மேல் இரண்டு விரல் மண் காய்ந்தபின் ஊற்றுங்கள், அதுவும் காலையில். பாத்தியில் மூடாக்கு இருந்தால் பத்து நாளைக்கு ஒருமுறைகூடப் போதுமாக இருக்கும். தோண்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள். தண்ணீரைப் பழையபடி கூட்ட வேண்டிய நாளைச் செடியே காட்டும். நடுக்குருத்தில் புதிய இலை சுருளாக எழும்பி விரியத் தொடங்கினால் அதுதான் அடையாளம். குளிர் விட்டுவிட்டது என்று நாமாக முடிவு செய்து ஊற்றத் தேவையில்லை.

கழிவுநீர் விஷயம் உண்மைதான், கட்டமைத்த சதுப்புநிலங்களில் கல்வாழை நடுகிறார்கள். ஆனால் அங்கே சரளைக்கல் படுகை வழியாகத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். உங்கள் தொட்டியில் ஓட இடம் இல்லை, உப்பு அங்கேயே தங்கும். சோப்புத் தண்ணீரில் சோடியம் அதிகம், தொட்டிக்கு வேண்டாம். பாத்திக்கு ஊற்றுவதாக இருந்தால் கடைசியாக அலசிய தண்ணீரை மட்டும், இடையிடையே நல்ல தண்ணீரோடு மாற்றி மாற்றி ஊற்றுங்கள். களிமண் பாத்தியாக இருந்தால் அதுவும் வேண்டாம், சோடியம் களிமண்ணை இறுக்கி வடிகாலைக் கெடுக்கும். ஆர்.ஓ. கழிவுநீரில் உப்புச் செறிவு கூடியிருக்கும், அதையும் தொட்டிக்குத் தவிருங்கள். ஏசி தண்ணீர் தாராளமாக ஊற்றலாம், அதில் உப்பு ஏறக்குறைய இல்லை. சத்தும் இல்லை, அதனால் உரத்தை விட்டுவிடாதீர்கள். திரவ உரமாக இருந்தால் முதலில் வெறும் தண்ணீர் ஊற்றி மண்ணை நனைத்த பிறகுதான் கொடுக்க வேண்டும், காய்ந்த மண்ணில் கொடுத்தால் வேர் கருகும்.

தொட்டி விளிம்பில் வெள்ளைப் பொருக்கு படிந்து, இலை ஓரம் பழுப்பாகக் கருகினால் உப்பு சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். இதையும் தாகம் என்று நினைப்பவர்கள் உண்டு. நல்ல தண்ணீரைத் தொட்டி கொள்ளும் அளவைப்போல் இரண்டு மடங்கு மெதுவாக ஊற்றி அடித்துளை வழியாக ஓடவிடுங்கள். தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த உப்பையே திரும்ப உறிஞ்சும்.

இலைமேல் தெளிக்க வேண்டாம். தூசி கழுவ எப்போதாவது செய்தால் காலையில் செய்யுங்கள், வெயிலில் காய்ந்துவிடும். இரவெல்லாம் இலை நனைந்திருந்தால் துரு நோய்க்கு வசதி. இலையின் அடிப்பக்கத்தில் ஆரஞ்சு நிறத் தூள் புள்ளிபுள்ளியாகத் தெரிந்தால் அதுதான். அந்த இலையை நனையாத நேரத்தில் வெட்டி, பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள், மூடாக்கில் சேர்க்காதீர்கள்.

தொட்டி மாற்றுவதைப் புதுக்குருத்து எழும்பும் சமயத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கிழங்கைப் பிரிக்கும்போது ஒவ்வொரு துண்டிலும் இரண்டு மூன்று முளைக்கண்ணாவது இருக்கட்டும். வெட்டுவாய் ஓரிரு நாள் நிழலில் காய்ந்தபின் நடுங்கள். நட்ட அன்று ஒருமுறை நிறைய ஊற்றிவிட்டு, பனிநாட்டுப் பாத்தி சொன்னதுபோல் இரண்டு இலை விரியும் வரை கையைக் கட்டிக்கொண்டிருங்கள்.